வெடிக்காத சிதை

அத்தியாயம் 6

தனசிங் ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் முதல் கல் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரிப் பெயர்ப்பலகையைப் பார்த்து விட்ட கல் அது. விட்டவனுக்குக் கையும் சரியில்லை, கண்ணும் சரியில்லை. பலகை தப்பித்தது, ஸ்கூட்டரின் முன்விளக்கு சில்லுச் சில்லாகத் தரையில் கிடந்தது.

"குத்தம் டாக்டரம்மா மேல, தண்டனை ஹெட்லைட்டுக்கு," என்றாள் பின்னால் உட்கார்ந்திருந்த சாமுண்டீஸ்வரி. "நல்ல நியாயம் சார்."

தனசிங் சிரிக்கவில்லை. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைத் துருவியே தலை நரைத்தவர். ரிட்டையரான பிறகும் அந்தப் புத்தி போகாமல் தாம்பரத்தில் துப்பறியும் ஆபீஸ் என்று ஒரு பலகை மாட்டினார். அவரிடம் டைப் அடிக்க வந்தவள்தான் சாமு. டைப்பில் வரிக்கு வரி தப்பு வரும், வாயில் ஒன்றும் தப்பாது என்று கண்டு அவளை உதவியாளராக ஆக்கிவிட்டார். வேறு ஆள் போடாததால் கடிதங்கள் இன்றைக்கும் தப்போடுதான் போகின்றன.

குரோம்பேட்டையில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே வரும் அந்தச் சந்து முழுக்கக் கூட்டம். "பொணத்துல திருடுன மெஷின்!" என்று ஒருவன் கத்த, "கொலைகார டாக்டர் ஒழிக!" என்று மற்றவர்கள் பின்பாட்டுப் பாடினார்கள். சாமு இறங்கி நடந்தபோது எவனோ அவள் காலடியில் துப்பினான். அவள் நின்று அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "வெத்தலைக்குச் சுண்ணாம்பு பத்தலைண்ணா," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

வாசலில் ஜீப்பின் மேல் சாய்ந்துகொண்டு எஸ்.ஐ. ஜெயவேலு டீ குடித்துக்கொண்டிருந்தார். கல் விழுந்த சத்தம் அவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

"வாங்க துப்பறியும் சிங்கம்," என்றார். "ஆறு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் பூட்டுப் போட ஆர்டர் வந்தாச்சு. அறியறது எதுவானாலும் அதுக்குள்ள அறிஞ்சுக்கோங்க."

"உள்ள நோயாளி இருக்காங்களே?"

"இருந்தா எடுத்துக்கினு போவட்டும். எனக்கு இன்னா வந்தது?"

உள்ளே இருந்தது ஒரே ஒரு நோயாளி. பெயர் ஹஃபீசா, முப்பது வயதுகூட இருக்காது. கழுத்து நரம்பு வழியாக ஒரு மெல்லிய கம்பி இறங்கியிருந்தது. அதன் மறுமுனை கட்டில் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டியில் முடிந்தது. பக்கத்தில் அவள் புருஷன் ஜாபர் நின்றான். தோல் ஷெட்டில் மேஸ்திரி. இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, வருகிறவர்களையெல்லாம் அடிக்கப் போகிறவன் மாதிரி முறைத்தான்.

டாக்டர் ஞானம்மாள் தலையணையைச் சரிசெய்துகொண்டே பேசினார். முந்தின நாள்தான் அவர் தனசிங்கை அமர்த்தியிருந்தார்.

"இதயத்துக்கு மேல் மாடி, கீழ் மாடி உண்டு. எப்போ துடிக்கணும்னு மேலேர்ந்து கீழே செய்தி போகணும். இவளுக்கு அது போகலை. கீழ் மாடி தன் இஷ்டத்துக்கு, ரொம்ப மெதுவாத் துடிக்குது. திடீர்னு நின்னும் போகுது."

"போஸ்ட்மேன் லீவு," என்றாள் சாமு.

"நிரந்தர லீவு. அந்த வேலையைத்தான் பேஸ்மேக்கர் செய்யும். தீப்பெட்டி அளவு மெஷின். தோள்பட்டைக்குக் கீழே தோலுக்கடியில வெச்சுத் தைக்கணும். புதுசு வாங்க இவங்களால முடியாது. இறந்து போனவங்க நெஞ்சுலேர்ந்து, குடும்பத்தோட சம்மதத்தோட எடுத்து, சுத்தம் பண்ணி, பரிசோதிச்சு, இல்லாதவங்களுக்கு வைக்கிறேன். அது புதுசு மாதிரியே உழைக்குதாங்கறதுதான் என் ஆராய்ச்சி. இதுவரைக்கும் ஒண்ணுகூடத் தவறலை."

"துரைராஜு?" என்றான் ஜாபர். ஒரே வார்த்தை. கத்தியைச் சொருகுகிற மாதிரி சொன்னான்.

கோவிலம்பாக்கத்து நெல் மண்டி துரைராஜ். நிலபுலன் உள்ளவர். ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிக்கிற ரகம். ஏழை என்று கூசாமல் சொல்லி இலவச மெஷினை வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டவர். போன வாரம் அவர் செத்துப் போனதாகச் செய்தி வந்தது. இறந்தால் மெஷினைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஆஸ்பத்திரி விதி. டாக்டர் போய்ச் சேர்வதற்குள் மெஷினோடு எரித்துவிட்டார்கள். மெஷின் நின்றதால்தான் செத்தார் என்று தம்பி துளசிங்கம் மனு கொடுத்துவிட்டான். அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்தக் கல்வீச்சு.

"மெஷின் ஒண்ணு தயாரா இருக்கு," என்றார் டாக்டர். "இவர் சம்மதிச்சா இன்னிக்கே வெச்சுடுவேன். இந்தக் கம்பி தற்காலிகம்தான். அவ இருமினாலே நழுவப் பார்க்குது. தூக்கிட்டு வேற ஊருக்கு அலைஞ்சா வழியிலயே போயிடும்."

"செத்தவன் மெஷின் ஒருத்தரைச் சாவடிச்சாச்சு," என்றான் ஜாபர். "என் பொண்டாட்டியையும் சாவடிக்கக் கையெழுத்துப் போட மாட்டேன். ஆறு மணிக்கு ஜெனரல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுனு போறேன். எவனும் தடுக்கக் கூடாது."

ஹஃபீசா கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். முடியாமல் மூடிக்கொண்டாள். அந்தப் பெண் மேல் சாமுவுக்குப் பாவமாக இருந்தது. அவனைப் பளாரென்று ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது.

வேறு எங்காவது பார்க்கலாம் என்று கைப்பையிலிருந்த குட்டி ட்ரான்சிஸ்டரைத் திருகினாள். சேப்பாக்கத்தில் உலகக் கோப்பை ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. இயர்போனை மாட்டுவதற்குள் வர்ணனை நழுவி, இரைச்சல் வந்து, இரைச்சலுக்கு நடுவே டிக்... டிக்... டிக்... என்று சொடுக்கு விழுந்தது.

"ரேடியோவைத் தள்ளி வை!" என்று சீறினார் டாக்டர். "அந்தப் பெட்டி ஒவ்வொரு தரமும் இதயத்தைத் தட்டுறப்போ பக்கத்துல இருக்கற ரேடியோவுல அது கேக்கும். நெஞ்சுக்குள்ள வெச்ச மெஷினுக்கும் அப்படித்தான்."

"இதயத்திலிருந்து நேரடி ஒலிபரப்பு," என்று முணுமுணுத்து அணைத்தாள். சுவரில் சிவப்பு எழுத்தில் ஒரு பலகை இருந்தது: மெஷின் வைத்தவர்கள் காந்தத்தின் அருகே போகக் கூடாது.

"காந்தம் பட்டா உயிர் போயிடுமா?"

"போகாது. மெஷினோட கணக்கு கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். ஆனா அவ்வளவு விளக்கினா எவனும் கேக்க மாட்டான். ஆகவே ஆகாதுன்னு சொல்லிடுவேன். ஆம்பளைங்க மறந்துடுவாங்கன்னு பொண்டாட்டிங்களையும் நிக்க வெச்சு வாய்விட்டு ஒப்பிக்கச் சொல்லுவேன்."

தனசிங் கேட்டார். "துளசிங்கம் எப்படிப்பட்ட ஆள்?"

"நான் பார்த்ததே இல்லை. ரெட்டைப் பிறவியாம், அச்சுல வார்த்த மாதிரி இருப்பாங்களாம். சின்ன வயசுலயே பம்பாய்க்கு ஓடிப்போய் அங்கேயே குடும்பமாகி, இப்பத்தான் திரும்பி வந்திருக்கான். இந்த நோய் ரத்தத்துல வரலாம், தம்பியைக் கூட்டிட்டு வாங்க, சோதிச்சுப் பார்க்கறேன்னு துரைராஜ்கிட்ட எத்தனையோ தரம் சொன்னேன். கூட்டிட்டு வரவே இல்லை." டாக்டர் கசப்பாக உதட்டைப் பிதுக்கினார். "அண்ணன் செத்ததுக்கு ஊரே வந்து என்னைத் திட்டிட்டுப் போச்சு. அவன் மட்டும் ஒரு தரம்கூட நேர்ல வரலை. ஆளைத்தான் அனுப்பறான்."

"திட்ட உரிமை உள்ள ஒரே ஆள் திட்ட வரலை," என்றார் தனசிங் மெதுவாக. "சரி. இந்த மெஷினை நெஞ்சோட வெச்சு எரிச்சா என்ன ஆகும்?"

"வெடிக்கும். உள்ளே இருக்கற பேட்டரி நெருப்பு தாங்காது. அதுக்காகவும்தான் முன்னாடியே எடுத்துடணும்கறோம்."

தனசிங் எழுந்து ஸ்கூட்டர் சாவியைத் தேடினார்.

பல்லாவரம் தாண்டி, கீழ்க்கட்டளை வழியாகக் கோவிலம்பாக்கம் போய்ச் சேர்ந்தார்கள். பின்னாலேயே ஜெயவேலுவின் ஜீப்பும் வந்தது. மண்டிக்காரர் வீட்டில் வம்பு செய்தால் உள்ளே தள்ளிவிடுவேன் என்று அவர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். ஜீப் நேரே மண்டிக்காரர் வீட்டுக்குப் போயிற்று. தனசிங் சுடுகாட்டுப் பக்கம் திருப்பினார்.

ஏரிக்கரைச் சுடுகாட்டுக்கு எதிரே ஒரே ஒரு சைக்கிள் கடை. சௌகத் அலி டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா பெயரைக் கேட்டதும் டியூபை விட்டுவிட்டு எழுந்து நின்றார்.

"அந்தம்மா ஆளா நீ? மொதல்ல கெளம்பு. போன வருசம் ஒரு பெரியவரை மெஷினோட எரிச்சானுங்க. நான் டீ குடிச்சுகினு குந்தியிருந்தேன். டமார்னு ஒரு சத்தம்! டீ பூரா மடியில. எங்கெங்க வெந்து போச்சுன்னு இந்தப் பொண்ணை வெச்சுகினு சொல்ல முடியாது."

"சொல்ல வேணாம் அண்ணா, நிக்கற நிலையிலேயே தெரியுது," என்றாள் சாமு.

"துரைராஜை எரிச்ச அன்னிக்கு எவ்வளவு சத்தம்?" என்றார் தனசிங்.

"அவரு நெஞ்சுலயும் மெஷின் கீதுன்னு ஊருக்கே தெரியும். பொணம் வர்றதைப் பாத்ததுமே காதுல பஞ்சை அடைச்சுகினு மேஜைக்கு அடியில பூந்துட்டேன். சூடு பட்ட பூனை இல்லியா? சிதை அடங்கற வரைக்கும் வெளியவே வரலை. வெடிக்கவேல்ல."

"பஞ்சு வெச்சா எப்படிக் கேக்கும்?"

"அவருதான் பஞ்சு வெச்சாரு, நான் வெக்கல!" என்று உள்ளேயிருந்து சீறினாள் அவர் மனைவி நூர் பீவி. "பஞ்சர் ஒட்ட வந்தவன்லாம் திரும்பிப் போனான். இந்த மனுசன் மேஜைக்கடியில தவம் பண்றாரு. ஒரு சத்தமும் வரலை. வெறகு படபடன்னதோட சரி. எரிஞ்சு தணிஞ்சப்புறம் நான்தான் காலைப் புடிச்சு வெளியில இஸ்தேன்."

திரும்பி வந்து பார்த்தால் ஸ்கூட்டரின் இரண்டு சக்கரத்திலும் காற்று இல்லை. எவனோ வேலையைக் காட்டிவிட்டான். சௌகத் அலி ஒட்டித் தர மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அக்டோபர் வெயிலில் நடந்தார்கள்.

"எரிஞ்ச உடம்புல மெஷின் இல்லை," என்றார் தனசிங். "யாரோ முன்னாடியே எடுத்துட்டாங்க. செத்தப்புறம் எடுத்திருந்தா திருட்டு. உயிரோட இருக்கறப்பவே எடுத்திருந்தா கொலை. தம்பிதான் பண்ணியிருக்கணும். அண்ணன்காரன் செத்தா யாருக்கு லாபம்?"

"பொண்டாட்டிக்கு. மண்டியும் வீடும் அந்தம்மா தாயாரம்மாள் பேருக்குத்தான் போகும். தம்பிக்கு ஒரு படி அரிசிகூடக் கிடையாது. அப்பன் காலத்துலயே ஏரிக்கரைத் தோப்பைத் தம்பி பேருக்கு எழுதி வெச்சுட்டாராம்; அது ஒண்ணுதான் அவனுக்கு. நாளைக்கு அதைக் காலனி போடறவங்களுக்குக் கிரயம் பண்றான்னு நூர் பீவி அக்கா சொன்னாங்க."

"நீ எப்பக் கேட்டே?"

"நீங்க சக்கரத்தைத் தடவிகினு நின்னப்போ."

மண்டிக்காரர் வீட்டு முற்றத்தில் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. ஊர்வலத்துக்குக் கொண்டுபோகிற ஒலிபெருக்கி ஒன்று மூலையில் கிடந்தது. நாற்காலி போட்டு, இலவச மோர் குடித்துக்கொண்டு ஜெயவேலு உட்கார்ந்திருந்தார். எதிரே துளசிங்கம். கொள்ளி வைத்தவன் என்பதால் மொட்டை, மீசையும் மழித்திருந்தது. அந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டையைக் கழுத்து வரை பொத்தான் போட்டிருந்தான். சுற்றிலும் ஐந்தாறு தடியன்கள் நின்றார்கள். கதவோரம் நெற்றி வெறுமையாகத் தாயாரம்மாள் நின்றாள். வந்தவர்களை அவள் பார்த்த பார்வையில் பாலே திரிந்துவிடும்.

"அரே, யாரு நீங்க? எழவு வூட்ல இன்னா வேலை?" என்றான் துளசிங்கம்.

"உங்க அண்ணன் நெஞ்சுல இருந்த மெஷின் எங்கே?"

"எரிஞ்சு போச்சு."

"எரிஞ்சிருந்தா வெடிச்சிருக்கும். வெடிக்கலை. யார் எடுத்தது? எப்ப எடுத்தது? மூச்சு நின்னப்புறமா, அதுக்கு முன்னாடியா?"

தடியன்களில் ஒருவன் தனசிங்கின் சட்டைக் காலரைப் பிடித்தான். ஜெயவேலு மோரைக் கீழே வைக்காமலே, "யோவ் சிங்கம், கொலைன்னு வாயைத் தொறந்தே, உன்னைத்தான் மொதல்ல ஏத்துவேன்," என்றார். தாயாரம்மாள் கதவை விட்டு இறங்கி வந்து, "செத்தவரைக் கூட நிம்மதியா வுட மாட்டீங்களா? உங்க வூட்ல எழவு வுழ!" என்று மண்ணை வாரித் தூற்றினாள்.

சாமுவின் கை தானாகக் கைப்பைக்குள் போய் ட்ரான்சிஸ்டரைப் பிடித்துக்கொண்டது. பயம் வந்தால் அவளுக்கு எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். அது எப்போது ஓட ஆரம்பித்தது என்று அவளுக்கே தெரியாது. வர்ணனையாளர் குரல் கைப்பைக்குள்ளிருந்து கேட்டது.

"இன்னா அது? டேப் பண்றியா?" துளசிங்கம் பாய்ந்து வந்தான். கைப்பைக்குள் கைவிட்டு ரேடியோவைப் பிடுங்கினான். திருகினான், குலுக்கினான், அணைக்கத் தெரியாமல் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டான். "கோர்ட்ல வந்து வாங்கிக்கோ! எங்க அண்ணனைக் கொன்னது அந்த டாக்டரு. அவளை உள்ள தள்ளாம நான் ஓய மாட்டேன். உங்க ரெண்டு பேரையும் இதே ஏரியில..."

கழுத்து நரம்பு புடைக்க, முகம் ரத்தச் சிவப்பாகக் கத்தினான். வர்ணனை நின்றுபோயிருந்தது. அவன் சட்டைப் பையிலிருந்து வெறும் இரைச்சல் வந்தது. இரைச்சலுக்கு நடுவே டிக்... டிக்... டிக்...

சாமு முதலில் ரேடியோ கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தாள். அப்புறம் உற்றுக் கேட்டாள். அவன் எகிறினான், சொடுக்கு எகிறவில்லை. அவன் மூச்சு வாங்கினான். சொடுக்கு நிதானம் மாறவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் கேட்ட அதே சத்தம்.

"சார்," என்றாள். "ஹஃபீசா கட்டிலோரம் கேட்டது இவரு பாக்கெட்ல கேக்குது."

தனசிங் ஒரு கணம் அவளைப் பார்த்தார். மறு கணம் காலரைப் பிடித்தவன் கையை உதறிவிட்டுத் துளசிங்கத்தின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். இன்ஷூரன்ஸ் மருத்துவச் சோதனைகளில் நாடி பார்த்துப் பழகிய கை அது. தலையைச் சாய்த்து ரேடியோவையும் நாடியையும் சேர்த்துக் கேட்டார். அவர் முகம் மெல்ல மாறியது.

"நான் தப்புக் கணக்குப் போட்டுட்டேன் சாமு. மெஷினை யாரும் எடுக்கலை. அது வெச்ச இடத்துலயே இருக்கு."

"வுடுய்யா கையை! ரேடியோ கோளாறு!"

"இருக்கலாம். கோளாறுதானான்னு பாத்துடுவோம்." தனசிங் கையை விட்டார். நடந்து போய் மூலையில் கிடந்த ஒலிபெருக்கியைத் தூக்கினார். "இதுக்குப் பின்னாடி பெரிய காந்தம் ஒண்ணு இருக்கு. பம்பாய்த் தம்பி நெஞ்சுல இதை வெச்சா ஒண்ணும் ஆகாது. எஸ்.ஐ. சார், சாட்சிக்கு நீங்களே பக்கத்துல வாங்க."

அவர் இரண்டு எட்டு வைத்தார். அவன் ஒன்றும் செய்யவில்லை, முறைத்துக்கொண்டு நின்றான். ஆனால் தாயாரம்மாள் ஓடி வந்தாள். அவனை மறைத்துக் கொண்டு இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

"வேணாம்! கிட்ட வராதீங்க! அவருக்குக் காந்தம் ஆவாது! டாக்டரம்மா சொல்லியிருக்காங்க!"

ஜெயவேலு மோர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"கொழுந்தனாரைப் பாக்காத டாக்டரம்மா, அவருக்கு எப்படிம்மா சொன்னாங்க?" என்றார் தனசிங்.

அப்போதுதான் அவளுக்குத் தான் சொன்னது என்னவென்று உறைத்தது. புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எழவு வீட்டில் இத்தனை நாளாக அழுது காட்டியவள், இப்போதுதான் நிஜமாக அழுதாள்.

ஜெயவேலு எழுந்து வந்து அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். தோள்பட்டைக்குக் கீழே தையல் தழும்பும், தோலுக்கடியில் தீப்பெட்டி அளவு புடைப்பும் இருந்தன. மொட்டையும் மீசையில்லாத முகமும் ஊரை ஏமாற்றின, நெஞ்சு ஏமாற்றவில்லை.

"அப்போ எரிஞ்சது யாரு?" என்றார் ஜெயவேலு.

"துளசிங்கம்," என்றார் தனசிங். "அவர் செத்தா தோப்பு பம்பாய்ல இருக்கற பொண்டாட்டி பிள்ளைக்குப் போயிடும். துரைராஜ் செத்தா துரைராஜ் சொத்து துரைராஜ் பொண்டாட்டிக்குத்தானே வரும்? அதனால இவர் செத்துட்டாரு. தம்பின்னு சொல்லிக்கிட்டு நாளைக்குக் கையெழுத்துப் போட்டுட்டா தோப்புக் காசும் மண்டியும் ரெண்டும் ஒரே வீட்ல. கொள்ளி வெச்சவன் மொட்டை அடிக்கணும்ங்கற சம்பிரதாயம் வேஷத்துக்கு வசதியாப் போச்சு. டாக்டர் கண்ணுல மட்டும் படக் கூடாது, அவங்க கை வெச்ச நெஞ்சு இது. அதான் திட்டக்கூட நேர்ல போகலை."

"தம்பியை எப்படிய்யா சாவடிச்சே?" என்றார் ஜெயவேலு.

"நான் ஒண்ணும் பண்ணலை!" என்று துரைராஜ் அலறினார். "தானாச் செத்தான்! மயக்கம் போட்டு வுழுந்தான், செத்தான். நான் தொடக்கூட இல்லை!"

"அதான் தெரியுதே, தொடலைன்னு," என்றாள் சாமு. அவள் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை.

துரைராஜையும் தாயாரம்மாளையும் ஜீப்பிலேயே ஏற்றிக்கொண்டு வந்தார்கள். முன்சீட்டில் ஜெயவேலு உர்ரென்று இருந்தார். பல்லாவரம் தாண்டும்போது திரும்பிப் பார்க்காமல், "மேட்ச் இன்னா ஆச்சு?" என்றார். பின்னால் தொற்றிக்கொண்டு வந்த தடியன் ஒருவன், டீக்கடையில் கேட்டதாக, ஒரே ஒரு ரன்னில் தோற்றுவிட்டோம் என்றான். ஜெயவேலு அதற்கும் சேர்த்துத் துரைராஜைத்தான் முறைத்தார்.

சந்தில் கூட்டம் இன்னும் இருந்தது. ஜீப்பிலிருந்து இறங்கியவரைத் துளசிங்கம் என்று நினைத்து வாழ்க போட்டார்கள். ஜெயவேலு அவர் சட்டையை விலக்கித் தழும்பைக் காட்டி, "கும்புட்டுக்கோங்க, செத்தவரு வந்துகீறாரு," என்றார். கல் வைத்திருந்தவர்களுக்கு அதை எங்கே போடுவதென்று தெரியவில்லை. ஒருவன் நைசாகச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

உள்ளே ஸ்ட்ரெச்சர் தயாராக இருந்தது. ஜாபர் ஹஃபீசாவைத் தூக்கக் குனிந்திருந்தான்.

"நில்லு," என்றார் தனசிங். "செத்தவன் மெஷின் சாவடிச்ச ஆளு இவர்தான். கிட்டே வந்து கேளு."

ஜாபர் நம்பவில்லை. துரைராஜின் முன்னால் வந்து நின்று, சட்டைப் பையில் இன்னமும் இருந்த ரேடியோவில் காதை வைத்தான். டிக்... டிக்... டிக்... நிமிர்ந்தபோது அவன் கண் கலங்கியிருந்தது. மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

"நான் அப்பவே வெச்சுக்கறேன்னு சொன்னேன்," என்றாள் ஹஃபீசா. காற்று மாதிரி வந்த குரலில் கோபம் இருந்தது. "நீங்கதான் கேக்கலை."

"தப்புத்தான்," என்றான். டாக்டர் பக்கம் திரும்பிக் கையை நீட்டினான். "எங்க போடணும் கையெழுத்து?"

ஞானம்மாள் துரைராஜையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார், அறைவார் என்று சாமு எதிர்பார்த்தாள். அவர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"தம்பிக்கு மயக்கம் வந்தது முதல் தரமா?"

துரைராஜ் தலையைக் குனிந்துகொண்டார். வாசலில் நின்ற தாயாரம்மாள்தான் பதில் சொன்னாள். "இல்லம்மா. வந்த நாளா அப்பப்ப வுழுவாரு. இவரு வுழுந்த மாதிரியேதான் வுழுவாரு. டாக்டரம்மாகிட்ட காட்டலாம்னு நான் சொன்னேன். இவரு பேசாம இருந்துட்டாரு."

"என்ன நோய்னு உமக்குத் தெரியும். எங்கே வந்தா தீரும்னும் தெரியும்." டாக்டர் கண்ணாடி அலமாரியைத் திறந்தார். கொதிக்க வைத்துச் சுத்தம் செய்த தட்டில் தீப்பெட்டி அளவு மெஷின் ஒன்று இருந்தது. "இது இன்னிக்கு வந்த மெஷின் இல்லை. உம்ம தம்பி விழுந்துக்கிட்டிருந்த அத்தனை நாளும் இதே அலமாரியில இதே இடத்துலதான் இருந்தது. சும்மா இருந்தது."

தட்டை எடுத்துக்கொண்டு அவர் ஆபரேஷன் அறைக்குள் போனார். ஹஃபீசாவின் கட்டிலை ஜாபர் தள்ளிக்கொண்டு பின்னால் போனான். கதவு சாத்திக்கொண்டது.

துரைராஜ் நின்ற இடத்தில் நின்றார். சட்டைப் பையிலிருந்த ரேடியோவை எடுக்க வேண்டும் என்று சாமுவுக்குத் தோன்றியது. ஆனால் அவரைத் தொட அவளுக்குப் பிடிக்கவில்லை. அது கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல் சொடுக்கிக்கொண்டே இருந்தது.